மழைமானி மௌனமாகும்போது

பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தைக்கு இறங்கும் மலைச்சரிவுகளில் வாழ்பவர்களின் உயிர் மூன்று எண்களோடு கட்டப்பட்டிருக்கிறது: 75, 100, 150. இருபத்து நான்கு மணித்தியாலத்தில் பெய்த மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் லயனை விட்டு வெளியேறியே ஆக வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டித் தீர்த்தாலும் வெளியேற வேண்டியதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள் இவை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தைத் தோட்டப் பிரிவின் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் அதே நிறுவனம் சொல்லியிருந்தது. அறிவிப்பு இருந்தது, மாற்றிடம் இல்லை. அன்று பழுதானது எந்தக் கணினியும் அல்ல. காணியும் வீடும் கொடுக்க வேண்டியவர்கள் ஒன்பது வருடம் கொடுக்காமல் இருந்ததே காரணம். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் லயன்கள் மண்சரிவில் அகப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் முழுவதும் மலைகள் இறங்கின. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் சேர்ந்தே அறுந்தன.

மென்பொருளைப் பற்றிய அத்தியாயத்தில் இதையெல்லாம் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மழைக்கும் மக்களுக்கும் இடையிலுள்ள சங்கிலியில் மென்பொருளின் கண்ணிகள் கூடிக்கொண்டே போகின்றன. முன்பு ஒருவர் மழைமானிக் கண்ணாடியில் அளவைப் பார்த்து, கொப்பியில் எழுதி, தொலைபேசியில் சொல்வார். இன்று தானியங்கி மழைமானி எண்ணுகிறது, கைத்தொலைபேசி வலையமைப்பு அனுப்புகிறது, கொழும்பிலுள்ள கணினி கூட்டிப் பார்க்கிறது, திரையில் நிறம் மாறுகிறது, குறுஞ்செய்தி புறப்படுகிறது. ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒரு நிரலாளர் எங்கோ ஒரு மேசையில் இருந்து எழுதியிருக்கிறார். அவர் எப்படி எழுதினார், யார் அதை வாசித்துப் பார்த்தார்கள், எந்த மழையை நினைத்துச் சோதித்தார்கள் என்பவற்றில்தான் அந்தக் கண்ணி தாங்குமா அறுமா என்பது இருக்கிறது.

ஒரு சிறிய நிரலை நாமே எழுதிப் பார்ப்போம். கடந்த 24 மணித்தியால மழையைக் கூட்டு. 150க்கு மேல் என்றால் சிவப்பு. 100க்கு மேல் என்றால் செம்மஞ்சள். 75க்கு மேல் என்றால் மஞ்சள். இல்லாவிட்டால் எச்சரிக்கை இல்லை. ஐந்தே வரி. கணினி படிக்கத் தொடங்கிய பிள்ளையும் எழுதிவிடும். கீழே நான் காட்டப்போகும் ஓட்டைகள் எல்லாம் இந்தப் பயிற்சி நிரலின் ஓட்டைகள். எந்த நிறுவனத்தின் உண்மையான மென்பொருள் மீதும் சாட்டும் குற்றம் அல்ல. ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் உலகில் எங்கோ நடந்த வகையைச் சேர்ந்தது.

முதலில் மழைமானிக்குள் போவோம். தானியங்கி மழைமானிகளில் பெரும்பாலானவை கவிழும் வாளி வகை. மேலே புனல், அதன் கீழே ஊஞ்சற்பலகை போல அச்சில் ஆடும் இரண்டு சிறு வாளிகள். ஒரு வாளியில் 0.2 மில்லிமீற்றர் மழைக்குரிய தண்ணீர் நிறைந்ததும் அது கவிழும், மற்ற வாளி மேலே வரும். ஒவ்வொரு கவிழ்வுக்கும் ஒரு காந்தம் ஆளியைக் கடந்து செல்லும். மின்சுற்று ஒன்று என்று எண்ணும். அவ்வளவுதான் கருவி. 75 மில்லிமீற்றர் என்றால் 375 கவிழ்வு.

இப்போது அந்த எண்ணிக்கையை வைக்கும் இடத்தைப் பாருங்கள். சிறிய கருவிகளில் நினைவகம் குறைவு. ஒரு மணித்தியால எண்ணிக்கையை ஒரே ஒரு பைட்டில் வைத்தால் போதும் என்று நிரலாளர் நினைத்திருக்கலாம். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 255 கவிழ்வு என்றால் 51 மில்லிமீற்றர். சாதாரண நாளில் ஒரு மணித்தியாலத்தில் அவ்வளவு மழை வராது. எல்லாம் சரியாகவே ஓடும். வருடக்கணக்கில் ஓடும். 256ஆவது கவிழ்வில் எண்ணி பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். மலையே இறங்கக்கூடிய மணித்தியாலத்தில், 375 கவிழ்வு நடந்து முடிந்தபோது, கருவி காட்டுவது 119. அதாவது 23.8 மில்லிமீற்றர். வெளியேறச் சொல்ல வேண்டிய மழையைச் சாதாரண மழையென்று அறிவிக்கும் கருவி அது. மழை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தவறாகச் சொல்லும்.

இது கற்பனைக்காகச் சொன்னதுதான், ஆனால் இதே பூச்சியம் ஆளைக் கொன்றிருக்கிறது. தெராக் 25 என்ற கதிர்ச்சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிரைச் செலுத்தியது. 1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் நடந்த விபத்துக்குக் காரணம் ஒரு பைட் எண்ணி. ஒவ்வொரு முறையும் ஒன்று கூடி, 256ஆவது முறையில் பூச்சியமாகி, பூச்சியம் என்றால் சோதிக்கத் தேவையில்லை என்று எழுதியிருந்த வரியால் பாதுகாப்புச் சோதனை தாண்டப்பட்டது. அந்த நிரலின் பகுதிகள் முந்தைய மாதிரி இயந்திரங்களில் இருந்து வந்தவை. அங்கே மின்சாரப் பூட்டுகள் இருந்ததால் பிழை இருந்தும் தெரியவில்லை. புதிய இயந்திரத்தில் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள்.

மழைமானிக்குத் திரும்புவோம். இதைவிடக் கொடிய ஓட்டை ஒன்று நம் ஐந்து வரிக்குள் ஒளிந்திருக்கிறது. மழைமானியிடமிருந்து செய்தியே வராவிட்டால் என்ன செய்வது? ஐந்து வரியில் அதற்கு வரி இல்லை. பல நிரல்களில் வராத எண் தானாகவே பூச்சியமாகக் கூட்டப்படும். பூச்சியம் என்றால் மழை இல்லை. மழை இல்லையென்றால் எச்சரிக்கை இல்லை. ஆனால் மலைநாட்டில் மழைமானி எப்போது பேசாமல் போகும்? மின்சாரம் போனபோது, கோபுரம் விழுந்தபோது, பாதையோடு கம்பியும் அறுந்தபோது. அதாவது மழை மிகக் கடுமையாக இருக்கும்போது. மழைமானியின் மௌனம் பூச்சியத்துக்கு நேர் எதிரான செய்தி.

இந்த மௌனம் என்னவென்று கேரளத்தின் மூணாறுக்கு அருகிலுள்ள பெட்டிமுடி மக்கள் அறிவார்கள். 2020 ஒகஸ்ட் 6ஆம் திகதி இரவு அங்கே தேயிலைத் தோட்ட லயன்கள் மீது மலை சரிந்தது. எழுபது பேர் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் இல்லாததால் வெளியுலகுக்குச் செய்தி மறுநாள் காலைதான் போய்ச் சேர்ந்தது. அந்த இரவு முழுவதும் வெளியே இருந்த எந்தத் திரையிலும் பெட்டிமுடியில் ஒன்றும் நடக்கவில்லை.

ஆகவே நம் நிரலுக்கு ஐந்தாவது நிலை ஒன்று வேண்டும்: "தெரியவில்லை". அந்த நிலைக்குத் தனி நிறம் வேண்டும். பக்கத்து மழைமானி 60 மில்லிமீற்றர் காட்டும்போது பூனாகலை மழைமானி இரண்டு மணித்தியாலம் பேசவில்லையென்றால் யார் யாரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும், தொலைபேசியும் இல்லையென்றால் மக்கள் தாங்களாகவே எந்த அளவில் புறப்பட வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இது நிரலாளர் தனியாக முடிவு செய்யக்கூடிய விடயம் இல்லை.

வேறொரு ஓட்டை நாளின் எல்லையில் இருக்கிறது. இலங்கையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை நாள் காலை 8.30க்கு முடிகிறது. பழைய கொப்பிகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. நிரலாளர் "24 மணித்தியாலம்" என்பதை அந்த நாள் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதிகாலை 2.30க்கு மழை பிடிக்கிறது. 8.30 வரை 70 மில்லிமீற்றர். பிறகு பிற்பகல் 2.30 வரை இன்னொரு 70. பன்னிரண்டு மணித்தியாலத்தில் 140 மில்லிமீற்றர் மலைக்குள் இறங்கிவிட்டது. நிரலின் கணக்கில் நேற்றைக்கு 70, இன்றைக்கு 70. இரண்டும் 75க்குக் கீழ். மஞ்சள்கூட இல்லை. "கடந்த 24 மணித்தியாலம்" என்று சொன்னவரும் கேட்டவரும் ஒரே பொருளில்தான் புரிந்துகொண்டார்களா என்று யாரும் கேட்கவில்லை. ஓட்டை அங்கேதான் விழுந்தது. நிரலில் ஒரு வரியும் தவறாக எழுதப்படவில்லை.

கடைசிக் கண்ணி குறுஞ்செய்தி. ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட் அடங்கும். ஆங்கில எழுத்தென்றால் 160 எழுத்து. தமிழ், சிங்களம் என்றால் யுனிகோட்டில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட் போய்விடுவதால் 70 குறிகள்தான். அதிலும் "கு" என்பது க, உகரக் குறி என்று இரண்டு இடம் பிடிக்கும். "ம்" இரண்டு இடம். செய்தி நீண்டால் துண்டு துண்டாக வெட்டி அனுப்பப்படும், அப்போது துண்டுக்கு 67. அலுவலக நடையில் ஒரு எச்சரிக்கையை எழுதிப் பார்த்தேன்: "பூனாகலை, கொஸ்லந்தைப் பகுதிகளில் மண்சரிவு அபாயம் உள்ளதால் சரிவான இடங்களில் வசிக்கும் மக்கள் உடனடியாகப் பாதுகாப்பான இடங்களுக்கு வெளியேறவும்". எண்ணினால் 137 குறி. இரண்டு துண்டில் 134தான் அடங்கும். மூன்றாவது துண்டில் தனியே போவது கடைசி "ும்". எல்லாத் துண்டும் வந்து சேரும் வரை சில தொலைபேசிகள் செய்தியைக் காட்டுவதே இல்லை. நெரிசலான வலையமைப்பில் மூன்று துண்டும் சேர்வது ஒரு துண்டு சேர்வதைவிடக் கடினம். துண்டு துண்டாகவே காட்டும் தொலைபேசியென்றால் முதல் துண்டில் ஊர்ப்பெயரும் காரணமும் மட்டும் இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்ற வினை பின்னால் வரும்.

"உடனே வெளியேறுங்கள். மண்சரிவு அபாயம். பூனாகலை, கொஸ்லந்தை." இது 56 குறி. ஒரே துண்டு. பொத்தான் தொலைபேசியின் சிறிய திரையிலும் முதல் வரியிலேயே வேலை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிச் சோதித்துவிட்டு, மற்ற இரு மொழிகளையும் பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்று வைத்த எந்த வேலைத்திட்டத்திலும் இந்தச் சிக்கல் வெளியே தெரியாது. பிறகு என்று வைத்த மொழியைப் பேசுபவர்கள்தான் சரிவில் இருக்கிறார்கள்.

இத்தனையையும் கடைசியில் சோதித்துப் பிடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். எழுதுவதை எழுதி முடி, பிறகு சோதனைப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்பது இன்றைக்கும் பல அலுவலகங்களில் நடக்கும் முறை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 மணித்தியாலத்தில் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் மழை உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைதான் என்று வைத்தாலும் 1,67,77,216 விதமான நாட்கள் வருகின்றன. விநாடிக்கு ஒன்று சோதித்தாலும் 194 நாள் பிடிக்கும். எவ்வளவு மழை, எந்த மழைமானி மௌனம், எந்தக் கோபுரம் பழுது என்று சேர்த்தால் உலகம் முடியும் வரை சோதிக்க வேண்டும். சோதிப்பவர் தனக்குத் தோன்றிய நாட்களைத்தான் சோதிப்பார். நிரலாளருக்குத் தோன்றாத நாள் பெரும்பாலும் சோதிப்பவருக்கும் தோன்றாது, இருவரும் ஒரே கட்டடத்தில் ஒரே வெயிலில் இருப்பதால்.

1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில் மென்பொருளையும் ஒரு பொறியியலாக நடத்த வேண்டும் என்ற பேச்சு வலுப்பெற்றது. அதன் பிறகு வந்த ஆராய்ச்சிகளில் நான் மிக உயர்வாக மதிப்பது ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கல் ஃபேகன் 1976இல் வெளியிட்டது. அவருடைய முறையில் கணினியே தேவையில்லை. நிரலை எழுதியவரைத் தவிர வேறு சிலர் அதைத் தாளில் வைத்து வரி வரியாக வாசிக்கிறார்கள். கிடைத்த பிழைகளைப் பதிவு செய்கிறார்கள். திருத்தியதை ஒருவர் மீண்டும் பார்க்கிறார். நிரலுக்கு மட்டுமல்ல, அதற்கு முந்திய வடிவமைப்புத் தாளுக்கும் இதே வாசிப்பு உண்டு. தோட்டத்தில் இது புதிய யோசனை இல்லை: மலையில் நிறுத்து எழுதிய கொழுந்து தொழிற்சாலையில் மறுபடி நிறுக்கப்படுகிறது, இரண்டு எடையும் பொருந்தாவிட்டால் அன்றே கேள்வி வருகிறது. மாதக் கடைசியில் தேயிலைத் தூளை நிறுத்து, எந்த மலையில் எந்தத் தராசு பிழை என்று தேடுவதில்லை.

அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பறப்பு மென்பொருளை எழுதிய ஹூஸ்டன் குழு இந்த வழியின் உச்சத்துக்குப் போனது. சுமார் 4,20,000 வரி நிரல். 1990களின் நடுப்பகுதியில் கடைசி மூன்று பதிப்புகளில் ஒவ்வொன்றிலும் அவர்கள் கண்ட பிழை ஒன்றே ஒன்று. அவர்களிடம் மேதைகள் அதிகம் இருந்ததால் அது நடக்கவில்லை. ஒரு பிழை கிடைத்தால் அதைத் திருத்துவதோடு விடமாட்டார்கள். இந்தப் பிழை எந்தப் படியில் உள்ளே வந்தது, அடுத்தடுத்த படிகளில் இருந்தவர்கள் கண்ணில் ஏன் படவில்லை, இதே மாதிரிப் பிழை வேறு எங்கே இருக்கக்கூடும் என்று மூன்று கேள்வி கேட்பார்கள். பிறகு பிழையை அனுமதித்த படியைத் திருத்துவார்கள். யார் எழுதியது என்று தேடித் திட்டுவது அந்த வேலையில் இல்லை. திட்டு விழும் இடத்தில் பிழையை மறைப்பார்கள். மறைத்த பிழை வளரும். இந்த ஒன்றை நம்முடைய அலுவலகங்கள் கற்றுக்கொண்டாலே பாதி தூரம் போய்விடலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவ்வளவு பணம் நம்மிடம் ஏது என்று கேட்கலாம். விண்வெளி ஓடத்துக்குச் செலவழித்த அளவு மழைமானிக்குத் தேவையில்லை. நம் ஐந்து வரிக்கு என்ன தேவை என்று பாருங்கள். நிரல் எழுதுமுன் ஒரு நாள் பூனாகலைக்குப் போய், மழை நாளில் என்னென்ன நடக்கிறது என்று லயனில் இருப்பவர்களிடமும் தோட்ட உத்தியோகத்தர்களிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் கேட்டு எழுத வேண்டும். எழுதியதை அவர்களுக்கே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். "மின்சாரம் போனால்?" என்ற கேள்வியை முதலில் கேட்பது கொழும்பிலிருந்து வந்தவராக இருக்காது. அடுத்து, நிரலுக்கு முன்பே சோதனைகளை எழுத வேண்டும்: 8.30 எல்லையைத் தாண்டும் மழை, சரியாக 75.0 மில்லிமீற்றர், ஒரு மணித்தியாலத்தில் 375 கவிழ்வு, மூன்று மணித்தியால மௌனம். பிறகு நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் இந்தச் சோதனைகள் அத்தனையும் தானாக ஓடும்படி வைக்க வேண்டும். புதிய பிழை ஒன்று பிடிபட்டால் அதற்கொரு சோதனை எழுதி அந்தப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். பட்டியல் வளரும், ஒரு பிழை இரண்டாம் முறை வராது. இவற்றுக்கு வேண்டியது நேரமும் ஒழுங்கும்தான்.

ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் போதுமா? போதாது, ஏனென்றால் நிரலைச் சுற்றியுள்ள உலகம் மாறுகிறது. இலங்கை 1996இல் தன் கடிகாரத்தை இரண்டு தடவை மாற்றியது. 2006 ஏப்ரல் 15இல் அதை அரை மணித்தியாலம் பின்னால் தள்ளி, கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய கணக்குக்குத் திரும்பியது. அன்று கடிகாரத்தை நம்பி 24 மணித்தியாலம் கூட்டிய எந்த நிரலும் இருபத்து நாலரை மணித்தியாலத்தைக் கூட்டியிருக்கும். அரை மணித்தியாலம் சின்ன விடயம். 1996 ஜூன் 4ஆம் திகதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ரொக்கெட் புறப்பட்டுச் சுமார் 40 விநாடிகளில் சிதறியது பெரிய விடயம். அதன் திசைகாட்டும் நிரல் ஏரியன் 4இலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே ஒழுங்காக ஓடியது. ஏரியன் 5 இன்னும் வேகமாகக் கிடைத்திசையில் போனதால் ஒரு எண் 16 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்தது. துணைக்கு வைத்திருந்த இரண்டாவது கணினியிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் அதே காரணத்தால், முதலாவதற்கு ஒரு கணம் முன்னரே, நின்றுபோயிருந்தது. வழிந்த அந்த எண்ணுக்கு ரொக்கெட் மேலெழுந்த பின் ஒரு வேலையும் இல்லை. ஏரியன் 5இன் உண்மையான பாதையைக் கொடுத்து அந்தக் கருவியை ஒருமுறை சோதித்திருந்தால் தரையிலேயே தெரிந்திருக்கும்.

இதிலிருந்து நமக்குப் பாடம் நேரடியானது. வேறொரு நாட்டில், வேறொரு மாவட்டத்தில் ஓடிய எச்சரிக்கை நிரலைக் கொண்டுவந்து ஊவாவில் வைத்தால், ஊவாவின் மழையைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஊவாவின் பெருமழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருவது. மேற்குச் சரிவுகளுக்கு மே மாதம் வரும் தென்மேல் பருவமழையைப் போன்றதல்ல. மழைமானி ஒன்றுக்கு இரண்டாக வைத்தாலும் இரண்டிலும் ஒரே நிரல் ஓடினால் 256ஆவது கவிழ்வில் இரண்டும் சேர்ந்தே பூச்சியமாகும். பக்கத்தில் ஒரு கண்ணாடி மழைமானியும் அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரும் இருப்பது அதைவிட நல்ல துணை.

அவசரத்தில் எழுதும் மென்பொருளைப் பற்றி நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் சில நாட்களிலேயே இலங்கையின் கணினித் துறை இளைஞர்கள் தொண்டாகச் சேர்ந்து சஹன என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் முன்னின்றது. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு எல்லாம் அதில் இருந்தன. அந்த நேரத்தில் அப்படி எழுதியது சரியே. நிதானமாக ஆறு மாதம் திட்டமிட்டிருந்தால் யாருக்கும் பயன்பட்டிருக்காது. ஆனால் அவர்கள் செய்த அடுத்த காரியம்தான் என் மதிப்பில் பெரியது. அவசரத்தில் எழுதியதை அப்படியே ஒட்டுப்போட்டு ஓட்டாமல், 2005இல் அடித்தளத்திலிருந்து திரும்ப எழுதினார்கள். ஒவ்வொரு பகுதியும் தனித்து நிற்கும்படி, வேறு நாட்டவரும் திறந்து வாசித்துத் திருத்தும்படி, மொழியை மாற்றிக்கொள்ளும்படி எழுதினார்கள். அதே வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் தென் லெய்ட்டேயில் ஒரு கிராமத்தையே மூடிய மண்சரிவிலும், 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருது அதற்குக் கிடைத்தது.

மீரியபெத்தையில் முதல் நாட்களில் காணாமற்போனோர் தொகை நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்ததை நினைத்தால், நல்ல பதிவு மென்பொருளுக்கு என்ன தேவை என்பது விளங்கும். லயன் அறைக்குத் தெருப் பெயரும் வீட்டு இலக்கமும் கிடையாது. தோட்டம், பிரிவு, லயன், அறை என்றுதான் ஆளைச் சொல்வார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் முன்னால் நிற்கும். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. ஒரே ஆளின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும், செக்ரோல் ஏட்டில் இன்னொரு மாதிரியும், பாடசாலையில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கும். "குடும்பப் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது" என்று பிடிவாதம் பிடிக்கும் படிவம், கொழும்பில் ஒரு பிழையும் இல்லாமல் ஓடும். முகாமில் அழுதுகொண்டு நிற்கும் ஒருவர் முன்னால் அது உதவாது. இந்தத் தேவையைச் சொல்லக்கூடியவர் தேவைகளை எழுதும் கூட்டத்தில் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளிலிருந்து கணினி படித்து வெளியே வரும் பிள்ளைகள் வருடா வருடம் கூடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் இறுதியாண்டு வேலைத்திட்டத்துக்கு இன்னொரு எச்சரிக்கைச் செயலி எழுத வேண்டாம். இருக்கும் ஒன்றுக்குச் சோதனைப் பட்டியல் எழுதுங்கள். உங்கள் பாட்டியின் தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். மழைமானியின் மின்கலத்தைக் கழற்றினால் எத்தனை மணித்தியாலத்தில் யார் கவனிக்கிறார்கள் என்று, உரியவர்களின் அனுமதியோடு, நேரம் குறித்து எழுதுங்கள்.

சரிவில் வாழும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துக்கு எச்சரிக்கை எந்த மழைமானியை வைத்து வருகிறது, அது பேசாமல் போனால் என்ன செய்வார்கள், கடைசியாக எப்போது சோதித்தார்கள், அந்தச் செய்தி தமிழில் வருமா என்று பிரதேச செயலகத்திடமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமும் எழுதிக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பத்தின் மீது 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம்.